குன்றும் குட்டையும்: லோத்குண்டாவிலிருந்து சில எளிய நடைகள்

தெலுங்கில் 'லோத்து' என்றால் ஆழம். 'குண்ட' என்றால் குட்டை. ஆழமான குட்டை ஒன்றின் பெயரையே தன் பெயராகக் கொண்டது செகந்திராபாத்தின் வடபகுதியில் உள்ள லோத்குண்டா. இன்று அதன் முதன்மைச் சாலையில் நடப்பவர் கண்ணில் படுவன கடைகளும் அடுக்ககங்களும் ராணுவ வளாகங்களின் நீண்ட மதில்களும்தாம். கரீம்நகர் நோக்கிச் செல்லும் வாகனங்களின் இரைச்சலுக்கு நடுவே நின்று, இங்கே குட்டை எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. ஆனால் சுற்றியுள்ள ஊர்ப்பெயர்களைக் கவனித்தால் நிலத்தின் பழைய உருவம் தெரியத் தொடங்கும். குண்ட என்று முடிந்தால் குட்டை; செருவு என்று முடிந்தால் ஏரி; குட்ட என்றும் கிரி என்றும் முடிந்தால் குன்று. ஐதராபாத்தும் செகந்திராபாத்தும் குன்றுகளுக்கும் நீர்நிலைகளுக்கும் இடையே எழுந்த நகரங்கள். அந்தக் கல்லையும் நீரையும் காலால் நடந்து காண்பதற்கு லோத்குண்டா வசதியான தொடக்கம்.

இப்பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பலவாக இருப்பதற்கும் வரலாற்றுக் காரணம் உண்டு. மூன்றாம் நிசாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் 1806-இல் உருவான செகந்திராபாத்தில் தங்கியிருந்த ஆங்கிலேயப் படைகளுள் பெரும்பகுதி மதராஸ் படையைச் சேர்ந்தது. அப்படையுடன் சிப்பாய்களும் ஒப்பந்தக்காரர்களும் எழுத்தர்களும் தமிழ்நாட்டிலிருந்து வந்தனர். அவர்கள் வழிவந்த பலர் இன்றும் இங்கே வாழ்கின்றனர். பணி நிமித்தமாகப் புதிதாகக் குடிவந்த நம் வாடிக்கையாளர்களும் கணிசமாக உள்ளனர். விடுமுறை நாளில் எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு வணிக வளாகத்தையே காட்டி அனுப்பாமல், வேறு சில வழிகளைச் சொல்லலாம் என்று தோன்றியது. அதற்காக நாங்கள் நடந்தோம்.

முதலில் ஏறியது மௌலா அலிக் குன்று. லோத்குண்டாவிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவு. உச்சியில் உள்ள தர்காவுக்குப் படிகள் உள்ளன, ஏறத்தாழ ஐந்நூறு. மலையேற்றம் என்ற சொல்லைக் கேட்டதும் கயிறும் காலணியும் நினைவுக்கு வருவோர்க்கு இக்குன்று அச்சம் தராது. பழனிப் படியேறிப் பழகியவர்கள் இதைச் சிறிய ஏற்றம் என்பார்கள். ஆயினும் முழங்கால் வலி உள்ளவர்கள் நின்று நின்று ஏறுவதே நல்லது. இறங்கும்போதுதான் முழங்கால் கூடுதலாகச் சுமக்கிறது. நாங்கள் சோம்பலால் ஒன்பது மணிக்கு மேல் புறப்பட்டோம். பாதிவழியிலேயே பாறையின் வெப்பம் முகத்தில் அடித்தது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை காலை ஆறரை மணியளவில் ஏறத் தொடங்குவது உத்தமம்.

குதுப் ஷாகி மன்னர் இப்ராகிமின் காலத்தில் யாகூத் என்னும் அரண்மனைப் பணியாளர் கனவில் ஹஸ்ரத் அலியைக் கண்டார் என்றும், விழித்துச் சென்று பார்த்தபோது இக்குன்றின் பாறையில் கைத்தடம் இருந்தது என்றும் மரபு கூறுகிறது. அன்றிலிருந்து இது வழிபாட்டிடம். உச்சியில் காலணியைக் கழற்றிவிட்டு நின்றால் கீழே இரயில் பாதைகளும், வெள்ளை மாடிகளின் பரப்பும், அவற்றிடையே தலை நீட்டும் வேறு பாறைக்குன்றுகளும் தெரிகின்றன. அங்கங்கே தகடுபோல் மின்னுவன ஏரிகள்.

அடிவாரத்தில் இருக்கும் மஹ் லகா பாய் சந்தாவின் கல்லறையைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. நிசாம் அவையில் ஆடல் பாடலில் சிறந்து, அரசவையில் மதிப்பும் பெருஞ்செல்வமும் பெற்றிருந்த பெண்மணி அவர். உருதுக் கவிதைகளைத் தனித் தொகுப்பாகக் கண்ட முதல் பெண் கவிஞர்களுள் ஒருவராகப் போற்றப்படுகிறார். 1792-இல் தம் தாய்க்காக இங்கே அவர் எழுப்பிய நினைவிடத்திலேயே 1824-இல் அவரும் அடக்கம் செய்யப்பட்டார். குன்றின் மேலே செல்லும் கூட்டத்தில் பத்தில் ஒருவர்கூட இங்கே நுழைவதில்லை என்பது எங்கள் கணிப்பு. அந்த அமைதிக்காகவே நுழையலாம்.

இக்குன்றின் பாறைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஐதராபாத்தின் கருங்கல் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடையது. இமயம் எழத் தொடங்கி ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளே ஆகின்றன என்பதை எண்ணினால் இந்தச் சிறு குன்றின் மூப்பு விளங்கும். ஒன்றன்மேல் ஒன்றாக யாரோ அடுக்கிவைத்தது போல் நிற்கும் உருண்டைப் பாறைகளை இங்கே வந்த முதல் நாளே எல்லோரும் வியப்பர். யாரும் அடுக்கவில்லை. மண்ணுக்கடியில் இருந்த கருங்கல்லில் நெடுக்கும் குறுக்குமாக விரிசல்கள் விழுந்தன. அவற்றினூடே இறங்கிய நீர் கல்லைச் சிறிது சிறிதாக அரித்தது. மூலைகள் இரண்டு மூன்று பக்கங்களிலிருந்தும் அரிக்கப்படுவதால் அவை முதலில் மழுங்கின. சதுரக் கட்டிகள் உருண்டைகளாயின. பின்னர் சுற்றியிருந்த மண்ணை மழை கழுவிச் செல்ல, உருண்டைகள் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன. மாமல்லபுரத்து வெண்ணெய்ப் பந்தையும் செஞ்சிக் குன்றுகளையும் கண்டவர்களுக்கு இது புதிய காட்சி அன்று.

இப்பாறைகளை வெடிவைத்து உடைத்துத்தான் நகரம் வளர்ந்தது. அதைக் கண்டு வருந்தியவர்கள் 1996-இல் பாறைகளைக் காக்கும் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். பாறைகள் உள்ள இடங்களுக்குப் பொதுமக்களை நடை அழைத்துச் செல்வது அவர்களது வழக்கம். சில பாறைகள் பாரம்பரியச் சின்னப் பட்டியலிலும் இடம்பெற்றன. ஐதராபாத் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள காளான் பாறை அவற்றுள் புகழ்பெற்றது.

அடுத்து நீர். செகந்திராபாத்திலிருந்து மேட்சல் வரை 2023 ஏப்ரலில் புறநகர் இரயில் சேவை தொடங்கியபின் இந்தப் பக்கத்து ஏரிகளுக்குச் செல்வது எளிதாகிவிட்டது. அல்வாலில் ஏறி அம்முகூடாவிலோ சஃபில்கூடாவிலோ இறங்கலாம். ஆனால் வண்டிகளின் எண்ணிக்கை குறைவு, நேரத்தை முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும். இராமகிருஷ்ணாபுரம் ஏரியும் சஃபில்கூடா ஏரியும் இவ்வழியில் உள்ளன. மலையேற முடியாத பெரியவர்களுக்கும் தள்ளுவண்டிக் குழந்தைகளுக்கும் சஃபில்கூடா ஏரிக்கரைப் பூங்காவே ஏற்ற இடம். கரையில் கட்ட மைசம்மா கோயில் இருக்கிறது. தெலங்கானாவில் ஏரிக்கரையைக் 'கட்ட' என்பார்கள். கரை உடையாமல் காக்கும் அம்மன் கட்ட மைசம்மா. நம் ஊர் ஏரிக்கரைகளில் காவல் தெய்வம் நிற்பதை அறிந்தவர்க்கு விளக்கம் வேண்டியதில்லை. ஏரிச் சொற்களும் அப்படித்தான். நாம் தூம்பு என்பதை இவர்கள் 'தூமு' என்கிறார்கள். நமது கலிங்கு இவர்களது 'அலுகு'. ஓர் ஏரி நிரம்பினால் அலுகு வழியே வழிந்து தாழ்வான அடுத்த ஏரியை நிரப்பும். சங்கிலிபோல் தொடரும் இந்த ஏற்பாட்டால்தான் மழையை நம்பிய மேட்டுநிலத்தில் பயிரும் குடிநீரும் கிடைத்தன.

மாலையில் ஏரிக்கரைக்குச் செல்வோர் முழுக்கை உடை அணிவது நல்லது. கொசு மலேரியாவைச் சுமக்கிறது என்பதற்கான சான்றை ரொனால்ட் ராஸ் 1897 ஆகஸ்ட் 20 அன்று கண்டறிந்தது இதே செகந்திராபாத்தில்தான். ஊரில் கொசுவுக்குக் குறைவில்லை என்பதற்கு அதைவிடப் பழைய சான்று வேண்டாம்!

ஏரிக்கரையில் நடக்கும்போது, வீட்டுமனை வாங்க எண்ணுவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஏரியின் முழுக்கொள்ளளவு மட்டம், அதாவது நீர் நிரம்பி நிற்கும் எல்லை, சில இடங்களில் கல் நட்டுக் காட்டப்பட்டிருக்கும். அதற்கும் அப்பால், 10 ஹெக்டேரும் அதற்கு மேலும் பரப்புள்ள நீர்நிலைகளுக்கு 30 மீட்டரும், சிறியவற்றுக்கு 9 மீட்டரும் கட்டடம் கூடாத இடைவெளியாக விட வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டின் கட்டட விதிகள் கூறுகின்றன. கோடையில் வறண்டு கிடக்கும் நிலத்தை மனையாகக் காட்டினால் அந்த எல்லை கண்ணுக்குத் தெரியாது. 2020 அக்டோபர் மழையில் நகரின் பல குடியிருப்புகளுக்குள் ஏரிநீர் புகுந்தபோதுதான், தம் வீடு எங்கே நிற்கிறது என்பது பலருக்குத் தெரிந்தது. 2024 ஜூலையில் மாநில அரசு 'ஹைட்ரா' என்னும் முகமையை அமைத்தபின், நீர்நிலைகளில் எழுந்த கட்டடங்கள் பல இடிக்கப்பட்டன. அவற்றுள் சில, வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கப்பட்ட வீடுகள். வில்லங்கச் சான்றும் வழக்கறிஞர் கருத்துரையும் தேவைதான். அவற்றோடு, மழைக்காலத்தில் ஒரு முறை அந்த மனையைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் நடந்து பார்க்குமாறும், பக்கத்தில் நெடுநாள் வாழ்ந்த பெரியவர் ஒருவரிடம் இங்கே முன்பு என்ன இருந்தது என்று கேட்குமாறும் நாங்கள் பரிந்துரைப்போம். தெருப்பெயர் குண்ட என்று முடிந்தால் இரண்டு முறை கேட்கலாம்.

லோத்குண்டாவிலிருந்து வடக்கே பொலாரம். ஏற்றம் சிறிதும் இல்லாத நடைக்கு இதுவே சிறந்தது. 1860-இல் கட்டப்பட்ட ராஷ்டிரபதி நிலையம் ஏறத்தாழ 90 ஏக்கர் தோட்டத்தின் நடுவே ஒற்றை மாடிக் கட்டடமாக அடக்கமாக நிற்கிறது. குடியரசுத் தலைவர் ஆண்டுக்கு ஒருமுறை வந்து தங்கும் நாட்களை ஒட்டி மட்டும் பொதுமக்களை அனுமதித்த வழக்கம் மாறி, 2023 மார்ச் முதல் ஆண்டு முழுவதும் பார்வையிடலாம் என்றாயிற்று. சமையற்கூடத்தையும் உணவுக்கூடத்தையும் இணைக்கும் சுரங்கவழி குழந்தைகளுக்குப் பிடிக்கும். மூலிகைத் தோட்டமும் நட்சத்திர மரத்தோட்டமும் தாத்தா பாட்டிகளுக்குப் பிடிக்கும். திங்கட்கிழமைகளில் விடுமுறை, இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டு போவது நலம். அருகே உள்ள தூய திரித்துவத் தேவாலயம் 1847-ஆம் ஆண்டுக்குரியது. இரண்டாம் எலிசபெத் அரசியார் 1983 நவம்பர் 20 அன்று, தம் திருமண நாளில், இச்சிறிய ஆலயத்தில் வழிபாட்டில் கலந்துகொண்டார்.

தெற்கே உசேன் சாகரைப் பற்றி அறியாதவர் இல்லை. ஆனால் 1562-ஐ ஒட்டிக் கட்டப்பட்ட அந்தக் கரைமேல் முழு நீளமும் நடந்தவர் எத்தனை பேர்? விடியற்காலையில் நடந்தால் ஏரியின் நடுவே நிற்கும் புத்தர் ஒளி ஏற ஏற நிறம் மாறுவதைக் காணலாம். ஒரே கல்லில் ஏறத்தாழ 18 மீட்டர் உயரத்தில் அச்சிலையைச் செதுக்கியவர் எஸ். எம். கணபதி ஸ்தபதி. குமரியில் திருவள்ளுவர் சிலையை எழுப்பிய வை. கணபதி ஸ்தபதி வேறு; இருவரையும் ஒருவராக எண்ணுவோர் உண்டு. 1990 மார்ச்சில் சிலையை ஏற்றிச் சென்ற மிதவை கவிழ்ந்து, உயிர்கள் பறிபோயின. முந்நூறு டன்னுக்கு மேற்பட்ட சிலை ஏரியடியில் கிடந்தது. மீட்டெடுத்து 1992 டிசம்பர் 1 அன்று நிறுத்தினார்கள்.

நகரின் மேற்கே கே.பி.ஆர். தேசியப் பூங்கா, காஜாகூடா குன்றுகள், கோல்கொண்டாவுக்கு ஒருகாலத்தில் நீர் தந்த துர்கம் செருவு எனப் பல உள்ளன. அவை நன்றே, ஆனால் லோத்குண்டாவிலிருந்து நகரைக் கடந்து போய்ச் சேர்வதற்குள் நடப்பதற்கான ஊக்கம் போய்விடுகிறது. அதற்குப் பதில் அதே கரீம்நகர் சாலையில் வடக்கே சென்று ஷாமீர்பேட்டை ஏரியைப் பார்க்கலாம். மழைக்குப்பின் அந்த வழியெங்கும் ஆவாரம்பூ. தெலுங்கில் தங்கேடு, தெலங்கானாவின் மாநில மலர், பதுகம்மாப் பண்டிகையில் அடுக்கப்படும் மலர்களுள் முதன்மையானது. அக்டோபரில் சாலையோரம் கூடைகளில் விற்கும் சீத்தாப்பழம் இந்தப் பாறைக்குன்றுகளில் தானே விளைவது. பேரம் பேசாமல் வாங்கலாம்.

இன்னும் சற்று உழைக்க விரும்புவோர்க்குப் புவனகிரி. செகந்திராபாத்திலிருந்து இரயிலில் ஐம்பது கிலோமீட்டருக்குள். சோழ இளவரசியை மணந்த மேலைச் சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தனோடு தொடர்புடைய கோட்டை, ஒரே பெரும்பாறையின் உச்சியில் இருக்கிறது. கீழ்ப்பகுதியில் படிகள், மேலே வழுக்கும் பாறைச்சரிவு, ஈரமான நாளில் வேண்டாம். 2014 மே 25 அன்று 13 வயதில் எவரெஸ்ட் உச்சியில் நின்ற தெலங்கானாச் சிறுமி மாலாவத் பூர்ணா முதன்முதலில் பாறையேறக் கற்றுக்கொண்டது இங்கேதான். நாங்கள் ஏறி இறங்கியபோது இரண்டு மணி நேரம் ஆயிற்று. திரும்பும் வண்டிக்காக நிலையத்தில் காத்திருந்தபோதுதான் நினைவு வந்தது: உசேன் சாகர் புத்தரின் கல்லை வெட்டியெடுத்த இராய்கிரி, அங்கிருந்து மிக அருகில்.