கணினி கண்விழிக்கும் முறைகள்

மின்விசையை அழுத்தும் கணத்தில் கணினியின் முதன்மை நினைவகம் வெறுமையாக இருக்கும். இயக்க அமைப்போ வட்டில் உறங்கிக்கொண்டிருக்கும். அதனை எழுப்பி நினைவகத்திற்கு அழைத்து வருவது தாய்ப்பலகையின் சில்லில் பதிக்கப்பட்ட நிலைபொருளின் பணி. பல கணினிகளில் இப்பணிக்குப் பழைய முறை, புதிய முறை என இரண்டு உண்டு. இயக்க அமைப்பை நிறுவுமுன் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்.

பழைய முறை பயாஸ். 1981ஆம் ஆண்டு வெளிவந்த ஐபிஎம் தனியாள் கணினியோடு பரவிய இம்முறை மிக எளியது. வட்டின் முதல் 512 பைட்டுகளைப் படிக்கும். இறுதி இரு பைட்டுகளில் உரிய அடையாளம் இருப்பின், அங்குள்ள நிரலிடம் கணினியையே ஒப்படைத்துவிடும். அந்நிரலை எழுதியவர் நல்லவரா, தீயவரா என்று அது வினவுவதில்லை. வாயிற்காவலன் அடையாள வில்லையை மட்டும் பார்த்து உள்ளே விடுவது போன்றதே இது. இதனைப் பயன்படுத்தி, இயக்க அமைப்பு எழுமுன்பே தீநிரல்கள் புகுந்துகொண்டதுண்டு.

அதே 512 பைட்டுகளுக்குள் வட்டின் பகிர்வு அட்டவணையும் அடங்க வேண்டும். அதற்குக் கிடைப்பவை 64 பைட்டுகளே; ஆதலால் முதன்மைப் பகிர்வுகள் நான்கிற்கு மேல் இயலா. இடத்தைக் குறிக்கும் எண்ணும் 32 பிட்டு அளவினது. 2³² கூறுகளை 512 பைட்டால் பெருக்கினால் ஏறத்தாழ 2.2 டெராபைட்டு வரும். எனவே 4 டெராபைட்டு வட்டை வாங்கி இம்முறையில் பகிர்ந்தால், பெரும்பாலும் பாதி இடம் பயனற்றுக் கிடக்கும்.

இக்குறைகளைக் களைந்தது யுஇஎஃப்ஐ. இண்டெல் நிறுவனம் இட்டேனியம் செயலிக்காக உருவாக்கிய வடிவம் இதன் மூலம்; 2005 முதல் பல நிறுவனங்கள் இணைந்த மன்றம் இதனைப் பேணி வருகிறது. இதனோடு வரும் ஜிபிடி அட்டவணை 64 பிட்டு எண்களைக் கையாளும். அட்டவணையின் படியொன்று வட்டின் இறுதியிலும் வைக்கப்படுவதால், முன்பகுதி சிதைந்தாலும் மீட்க வழியுண்டு. ‘செக்யூர் பூட்’ வசதியை இயக்கினால், தொடக்க நிரலின் மின்கையொப்பம் சரிபார்க்கப்பட்ட பின்னரே அது இயங்கும்.

புதிய கணினிக்கு யுஇஎஃப்ஐ முறையே தக்கது. விண்டோஸ் 11 அதனையே கோருகிறது. 32 பிட்டு விண்டோஸ் போன்ற பழைய அமைப்புகளை இயக்க வேண்டியவர்க்குப் பயாஸ் முறை இன்றும் உதவும். ஆனால் அண்மைக்காலக் கணினிகள் பலவற்றில் அம்முறையே இல்லை.

நிறுவிய பின்னர் அமைப்பை மாற்றுவோரே பெரிதும் இடர்ப்படுகின்றனர். பயாஸ் முறையில் நிறுவிய விண்டோஸ், யுஇஎஃப்ஐக்கு மாற்றியவுடன் எழாது. தொடங்கத்தக்க வட்டு இல்லை என்னும் செய்தியே திரையில் தோன்றும். தரவு அழிந்துவிட்டதென அஞ்சி வட்டை வடிவமைப்பவர்கள், அழியாத தரவைத் தாமே அழிக்கின்றனர். பழைய அமைப்பை மீண்டும் தேர்ந்தால் கணினி முன்போல் எழும். முறையாக மாற விரும்புவோர், தரவுக்குப் படியெடுத்து வைத்த பின், விண்டோஸ் 10இல் உள்ள எம்பிஆர்2ஜிபிடி கருவியால் வட்டின் அட்டவணையை மாற்றி, அதன் பின்னரே நிலைபொருள் அமைப்பை மாற்றுதல் வேண்டும்.

புதிதாக நிறுவும்போது, தொடக்கப் பட்டியலில் ஒரே விரலி இருமுறை தோன்றக்கூடும். யுஇஎஃப்ஐ என்ற முன்னொட்டு உள்ளதைத் தேர்ந்தால் புதிய முறையிலும், இல்லாததைத் தேர்ந்தால் பழைய முறையிலும் நிறுவல் நிகழும்.