எண் சுழற்றினால் ஒரு கவிதை

தொலைபேசியில் மணி கேட்டறியும் வசதியைப் பாரிஸ் நகரம் 1933ஆம் ஆண்டிலேயே பெற்றுவிட்டது. எண்ணைச் சுழற்றினால் பதிவு செய்த குரல் மணி சொல்லும். அதே வழியில் கவிதை சொன்னால் என்ன என்று நியூயார்க் கவிஞர் ஜான் ஜியோர்னோவுக்கு 1968இல் தோன்றியது. அப்பொழுது அவர் தொலைபேசியில்தான் பேசிக்கொண்டிருந்தாராம்!

அமைப்பு எளியது. முதலில் பத்துத் தொலைபேசி இணைப்புகள். ஒவ்வொன்றிலும் தானே பதில் சொல்லும் ஒரு நாடாக் கருவி. அதில் கவிஞர் தம் குரலிலேயே படித்த கவிதை. அழைப்பவர் தமக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுக்க இயலாது. ஒழிந்திருக்கும் இணைப்பில் எது உள்ளதோ அதைக் கேட்கவேண்டியதுதான். பிடிக்காவிடில் ரிசீவரை வைத்துவிடலாம். மீண்டும் அழைத்தால் வேறொரு குரல் வரலாம். அக்குரல்களுள் ஒன்று ஆலன் கின்ஸ்பெர்க்குடையது. 1962-63இல் நம் நாட்டுக்கு வந்து, கல்கத்தாவிலும் காசியிலும் பல மாதம் தங்கியவர் அவர்.

1970இல் நியூயார்க் நவீன கலைக்கூடம் தன் கண்காட்சியொன்றில் இதற்கும் இடமளித்தது. அழைப்புகள் மிகுதியாக வந்தது காலை ஒன்பது மணிமுதல் மாலை ஐந்து மணிவரை என்று ஜியோர்னோ எழுதியிருக்கிறார். அதாவது, அலுவலக நேரம்! கோப்புகளை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குப் பெயர்த்துக்கொண்டிருக்கும் எங்களுக்கு இதில் வியப்பில்லை. அடுத்தபடி, இரவு உணவுக்குப் பின் அழைத்தோர். பின்னிரவில், உறக்கம் வராதோர்.

வானொலி ஊருக்கே பேசுகிறது. தொலைபேசியோ ஒரு செவிக்கு மட்டும் பேசுகிறது. அந்த நெருக்கத்தில் கவிஞரின் மூச்சும் தயக்கமும்கூடக் கேட்கும். அச்சிட்ட பக்கம் இவற்றைத் தருவதில்லை. வெளிமாநிலங்களில் வளரும் நம் குழந்தைகள் பலர் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகின்றனர். ஆனால் ஊரிலிருந்து பாட்டி தொலைபேசியில் பாடினால் பொருள் விளங்கிச் சிரிக்கின்றனர். அவர்களுக்கு இலக்கியத்தின் வாசல் செவிதான் என்பது எங்கள் எண்ணம். ஜியோர்னோவின் முயற்சி எங்களை ஈர்ப்பதும் இதனால்தான்.

இடர்களும் இல்லாமலில்லை. கவிதைகள் சிலவற்றில் போர் எதிர்ப்பும் பாலியலும் ஒளிவுமறைவின்றி வந்தன. தம் சிறுவர்கள் கேட்டுவிட்டதாகப் பெற்றோர் முறையிட்டனர். கண்காட்சிகள் முடிந்தபின்னும் குரல்கள் அழியவில்லை: 1972இல் அவற்றை ஜியோர்னோ இசைத்தட்டாக வெளியிட்டார். 2012இல் அதே கலைக்கூடம், கவிதை கேட்பதற்கென்றே பார்வையாளர் முன்பு மறுபடியும் தொலைபேசிகளை வைத்தது.