கார்த்திகைக் கொடியை இனங்காணல்

மாரி மழை தொடங்கியதும் உலர் வலயத்து வேலிகளிலும் பற்றைகளிலும் கார்த்திகைக் கொடி தளிர்த்துப் படர்கின்றது. செங்காந்தள், கலப்பைக் கிழங்கு என்பனவும் இதன் பெயர்களே. தாவரவியலார் இதனைக் குளோரியோசா சுப்பேர்பா என்பர். கண்ணைக் கவரும் இக்கொடியின் எல்லா உறுப்புகளிலும் கொல்கிசின் என்னும் கொடிய நஞ்சு உண்டு; கிழங்கிலும் விதையிலும் அது மிகுதி. இலங்கையில் இதன் கிழங்கை வற்றாளங்கிழங்கெனக் கருதி அவித்துண்டு இறந்தோரும் உளர். அவிப்பதால் இந்நஞ்சு நீங்குவதில்லை. ஆதலின் வளவில் கிழங்கு அகழ்வோர் இக்கொடியை ஐயமற அறிந்திருத்தல் வேண்டும்.

இலை: இலை ஈட்டி வடிவானது, காம்பற்றது, நரம்புகள் நெடுக்காக ஓடும். அதன் நுனி நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாகி, அருகிலுள்ள கிளையைப் பிடித்துக்கொள்ளும். இதுவே தலையாய அடையாளம். வற்றாளைக்கும் இராசவள்ளிக்கும் இவ்வியல்பு இல்லை. வற்றாளைத் தண்டை ஒடித்தால் பால் வடியும். இராசவள்ளியின் தண்டு நாற்பட்டையாய்ச் சிறகு விளிம்புடன் முறுக்கி ஏறும். அதன் இலை இதய வடிவானது.

பூ: பூவில் அலைபோல் நெளிந்த ஆறு இதழ்கள் மேல்நோக்கி மடிந்து நிற்கும். பச்சையாய் அரும்பி, மஞ்சளாகி, ஈற்றிற் செந்நிறம் பெறும்.

கிழங்கு: கலப்பைபோல் வளைந்து இரு கிளைகளாய், கூரிய முனைகளுடன் இருக்கும். கோடையிற் கொடி பட்டுவிடும். கிழங்கோ மண்ணுள் மறைந்து கிடக்கும். அக்காலத்தில் இலையும் பூவும் இன்மையால் ஏமாற்றம் நேர்வது எளிது.

கமக்காரர் செய்யவேண்டியவை:

1. கொடி பூத்திருக்கும்போதே அவ்விடத்தில் தடி நாட்டி அடையாளமிடுக.

2. தோட்டத்திலும் வீட்டருகிலும் உள்ளவற்றைக் கிழங்கு முறியாது அகழ்ந்தெடுக்க. முளையுடன் எஞ்சும் துண்டு மீண்டும் தளிர்க்கும்.

3. அகழ்ந்தவற்றைச் சிறுவர்க்கும் கால்நடைக்கும் எட்டாவண்ணம் ஆழப் புதைத்து, கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக.

4. தாம் நடாத கிழங்கு எதனையும், அதன் கொடியைக் கண்டறியாது சமைத்தல் ஆகாது.

தவறி உண்டவர்க்குச் சில மணி நேரத்துள் வாந்தியும் கடும் வயிற்றோட்டமும் உண்டாகும். இக்குறிகள் தோன்றும்வரை காத்திராது, எஞ்சிய கிழங்கையும் எடுத்துக்கொண்டு, அவரை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. கிழங்கைக் கண்டால் வைத்தியர் நஞ்சை விரைந்து அறிவார்.