காட்டு விலங்கு எப்போது ஓடும்? பயிர்க் காவலுக்கு உதவும் ஒரு கணக்கு

தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம், ஒகேனக்கல், பாலக்கோடு பகுதிகளில் காட்டை ஒட்டிய கொல்லைகளில் நிலக்கடலை காய் பிடிக்கும் சமயம் காட்டுப்பன்றிகளும், ராகிக் கதிர் முற்றும் சமயம் யானைகளும் இறங்குவது வழக்கம். வைக்கோல் பொம்மை நிறுத்தினால் முதல் சில நாட்கள் பன்றிகள் விலகிப் போகும். பிறகு பொம்மையின் காலடியிலேயே செடியைத் தோண்டும். இதற்குக் காரணம் துணிச்சல் அல்ல. விலங்குகள் போடும் லாப நஷ்டக் கணக்குதான்.

ஓட்டத் தூரம்

ஆபத்தைக் கண்டதும் விலங்கு உடனே ஓடிவிடுவதில்லை. ஓடினால் தீனி போகிறது. உடல் வலுவும் செலவாகிறது. ஓடாமல் நின்றால் உயிருக்கு ஆபத்து. ஆள் நெருங்க நெருங்க இந்த ஆபத்து கூடிக்கொண்டே வருகிறது. நிற்பதால் வரும் நஷ்டம், ஓடுவதால் வரும் நஷ்டத்தை மிஞ்சும்போது விலங்கு கிளம்புகிறது. அப்போது ஆளுக்கும் விலங்குக்கும் உள்ள இடைவெளியே ஓட்டத் தூரம். கனடா நாட்டு ஆராய்ச்சியாளர்களான ஐடன்பெர்க், டில் ஆகிய இருவரும் 1986ல் இந்த விளக்கத்தை வெளியிட்டனர்.

இந்தத் தூரம் எப்போதும் ஒன்றாக இருக்காது. நேராகவும் வேகமாகவும் வருபவரைக் கண்டால் விலங்கு சீக்கிரம் ஓடும். ஒதுங்கி நடப்பவரை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. புதர் பக்கத்தில் இருந்தால் கடைசி வரை நின்று மேயும்; வெட்டவெளியில் தொலைவிலேயே கிளம்பிவிடும். பசி அதிகமாகி, தீனியும் ருசியாக இருந்தால் எளிதில் நகராது. வேட்டைக்கு ஆளான இடங்களில் மனிதவாடை பட்டாலே ஓடும்.

ஆபத்தின் தரத்தையும் விலங்குகள் பிரித்தறிகின்றன. தென்னிந்தியாவில் காட்டு யானைகளுக்குப் புலி, சிறுத்தை ஆகியவற்றின் உறுமலை ஒலிபெருக்கி மூலம் கேட்கச் செய்து பார்த்தனர். இதன் முடிவுகள் 2013ல் வெளியாயின. புலி உறுமலுக்கு யானைகள் சத்தமின்றிப் பின்வாங்கின. சிறுத்தை உறுமலுக்கோ பிளிறி எதிர்ப்புக் காட்டிவிட்டே விலகின.

பொம்மை பலிக்காதது ஏன்?

அசையாத பொம்மையால் ஒரு தீங்கும் வருவதில்லை என்பதை விலங்கு சில நாட்களில் தெரிந்துகொள்கிறது. தினமும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி தட்டும் தகர டப்பாவுக்கும், வெடிச் சத்தத்துக்கும் இதே கதிதான்.

செய்ய வேண்டியவை

1. பயிருக்கும் புதருக்கும் இடையே வரப்போரத்தை வெட்டிச் சுத்தமாக வைக்க வேண்டும். ஒளிவிடம் தள்ளிப்போனால் பன்றி வெட்டவெளிக்கு வரத் தயங்கும்.

2. பொம்மையின் இடத்தையும் உடையையும் அடிக்கடி மாற்ற வேண்டும். சத்தம், வெளிச்சம் ஆகியவற்றை நேரம் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் பலன் நீடிக்கும். பயிர் முற்றும் வாரங்களுக்கு மட்டும் இவற்றை வைத்துக்கொள்வது நல்லது.

3. பன்றியை விரட்டும்போது அது தப்பிச் செல்லும் வழியை மறிக்கக் கூடாது. போக வழியில்லாத விலங்கு ஆளின் மீது பாயும். யானையை நெருங்கவே கூடாது. வனத்துறையினருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். இரவுக் காவலுக்குத் தனியாகச் செல்ல வேண்டாம்.

மின்கம்பி வேண்டாம்

2023 மார்ச்சில் பாலக்கோட்டை அடுத்த மாரண்டஅள்ளி அருகே, சட்டத்துக்குப் புறம்பாக மின்சாரம் பாய்ச்சிய வேலியில் சிக்கி 3 யானைகள் மாண்டன. உடன் வந்த 2 குட்டிகள் தப்பின. நிலத்துக்காரர் கைதானார். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் விடுவது விலங்குக்குக் கணக்குப் போட அவகாசமே தருவதில்லை. செத்த விலங்கு எந்தப் பாடமும் கற்பதில்லை. இருட்டில் கொல்லைக்கு வரும் விவசாயியின் பிள்ளையும் ஆடுமாடும் அதே கம்பியில்தான் சிக்கும்.

சூரிய சக்தி வேலியில் மின்சாரம் விட்டு விட்டு, கண நேரமே பாய்கிறது. முறையாக அமைத்தால் அதிர்ச்சி தருமே தவிர, உயிரைப் பறிக்காது. ஒருமுறை பட்ட விலங்கு அடுத்த முறை கணக்கை மாற்றிக்கொள்ளும். காட்டோரத்தில் இவ்வேலி போட விரும்புவோர் முதலில் வனச்சரக அலுவலகத்தை அணுகி, உரிய அனுமதி பெற்ற பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். பயிர்ச் சேதம் நேர்ந்தால், சேதமான பயிரை அப்புறப்படுத்துமுன் அதே அலுவலகத்தில் தெரிவித்து இழப்பீட்டுக்கு மனுச் செய்யலாம்.