வரைபடத்தில் இல்லாத உறுப்புகள்

நம் கைபேசிக்கு வழிகாட்டும் ஜி.பி.எஸ். துணைக்கோள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அனுப்பும் சமிக்ஞை பூமியை வந்தடையும்போது, ஒரு வாட் சக்தியைப் பத்தாயிரம் லட்சம் கோடிக் கூறுகளாக்கினால் ஓரிரு கூறளவே எஞ்சுகிறது. அதைப் பிடித்து வளர்க்கும் சர்க்யூட்டை வகுப்பதுதான் ரேடியோ, அனலாக் துறையில் பழுத்த பொறியாளரின் உத்தியோகம்.

போதாக்குறைக்கு, எந்தக் கடத்தியிலும் எலக்ட்ரான்கள் உஷ்ணத்தால் ஓயாது அலைவதிலிருந்து ஓர் இரைச்சல் பிறக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான்சன் அளந்து காட்ட, நைக்விஸ்ட் காரணம் விளக்க, 1928-இல் இருவரும் வெளியிட்ட உண்மை இது. அதே கூடத்தைச் சேர்ந்த ஃபிரீஸ் 1944-இல் நிறுவியபடி, ஆண்டெனாவை அடுத்துள்ள முதல் பெருக்கி சேர்க்கும் இரைச்சலே ஏற்பியின் தகுதியைப் பெரும்பாலும் நிர்ணயிக்கிறது. அங்கே கெட்ட தெளிவைப் பின்னால் வரும் பெருக்கிகள் மீட்டுத் தரமாட்டா. ஆதலால் அந்த ஒரு பெருக்கிக்காகப் பொறியாளர் வாரக்கணக்கில் மெனக்கெடுவதைப் பிடிவாதம் என்று மேலதிகாரிகள் எண்ணினால், பிழை அவர்களுடையதே என்பது என் அபிப்பிராயம்.

தொழிலின் சூக்ஷ்மமோ சர்க்யூட் வரைபடத்தில் காணாதவற்றில் இருக்கிறது. அங்கே வெறும் கோடாகத் தோன்றும் கம்பிக்கு மில்லிமீட்டருக்குச் சுமார் 1 நானோஹென்றி இண்டக்டன்ஸ் உண்டு, வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய 15 ஓம் மறிப்பாகிவிடும். அரிசிமணியினும் சிறிய கெபாசிட்டர் ஒன்றை மைக்ராஸ்கோப்பின் கீழ் இடுக்கியால் பெயர்த்து, இம்மியளவு தள்ளிப் பற்றவைத்தாலும் நெட்வொர்க் அனலைசரின் திரையில் வளைகோடு நகர்கிறது. விரலைக் கிட்டே கொண்டுபோனாலும் நகரும்.

மேஜைமேல் ஒழுங்காக இயங்கிய பெருக்கி, அலுமினியப் பெட்டிக்குள் வைத்து மூடியைத் திருகியதும் தானே அலையை இயற்றத் தொடங்குவதுண்டு. (பெருக்கி அலையும், அலையியற்றி அலையாது என்பது அத்துறையினரின் பழைய பரிகாசம்.) வெளியீட்டிலிருந்து கசியும் அலை பெட்டிக்குள் பிரதிபலித்து உள்ளீட்டுக்கே திரும்புவது இதற்கு ஒரு காரணம். இளையவர் கணினிக்குத் திரும்பிக் கணக்கை மறுபடியும் போட ஆரம்பிப்பார். மூத்தவரோ மூடியின் உட்புறத்தில் அலையை விழுங்கும் கறுப்புத் தகடு ஒன்றை ஒட்டி அப்போதைக்குச் சமாளித்துவிட்டு, அடுத்த பலகையில் கிரவுண்டுத் துளைகளை நெருக்கமாக இடவேண்டும் என்றும், மூடியையும் சேர்த்தே கணக்கிடவேண்டும் என்றும் குறிப்பு எழுதி இளையவரிடம் கொடுப்பார்.