வீட்டைப் பார்க்குமுன் கிராண்டைப் பாருங்கள்

தோட்டத்தில் உழைத்தவருக்கு அறுபது வயது நிறைகிறது. ஆபீசில் மாலை போட்டுப் படம் எடுக்கிறார்கள். இரண்டொரு மாதத்தில் வீட்டைக் காலி செய்து கொடுக்கும்படி ஒரு கடிதம் வருகிறது. லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போகிறது. 1990ஆம் ஆண்டில் வந்த தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதித் தரச் சட்டம், அந்த வீட்டில் தண்ணீரும் வெளிச்சமும் சுகாதாரமும் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. அதை நமக்கே எழுதிக் கொடுக்கச் சொல்லவில்லை.

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பார்கள் பெரியவர்கள். இதைச் சொல்லிக்கொண்டே மூன்று தலைமுறையைப் பிறர் வளையில் கழித்துவிட்டோம். 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களை விற்றபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தன. அதைக் கண்டுதான் நம் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளரிடம் சேர்த்த பணத்தில் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவில் உள்ள புக்கிட் சீடிம். ஒற்றுமையாகச் சேர்ந்து நிலம் வாங்கிய கதை அது. இன்று ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகத் தைப்பிங்கிலோ கமுந்திங்கிலோ சிம்பாங்கிலோ வீடு தேடிக்கொண்டிருக்கிறது. தனியாகப் போகிறவரைத் தரகர் சுலபமாக வளைத்துவிடுகிறார். எனவேதான் இதை எழுதுகிறேன்.

நம்மவர்கள் வீடு பார்க்கப் போனால் முதலில் பார்ப்பது வாசல் எந்தத் திசை, சாமி அறைக்கு இடம் உண்டா, தரையில் பதித்த கல் என்ன நிறம் என்பதைத்தான். இவையெல்லாம் வேண்டியவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் பணம் கொடுத்து வாங்குவது சுவரையும் கூரையையும் அல்ல, ஒரு காகிதத்தை. மலாயில் கெரான் என்றும் நம் வாயில் கிராண்ட் என்றும் வழங்கும் நிலப்பட்டா அது. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி, நில அலுவலகப் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உடையவர். ரசீது, சாட்சிக் கையெழுத்து, கோயிலில் சூடம் அணைத்துச் செய்த சத்தியம் எதுவும் அந்தப் பதிவுக்கு ஈடாகாது.

அந்தப் பதிவைப் பார்க்க வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. விற்பவரிடம் கிராண்டின் நகல் ஒன்று கேளுங்கள். அதில் ஹக்மிலிக் எண், லோட் எண், முக்கிமின் பெயர் மூன்றும் இருக்கும். அவற்றைக் குறித்துக்கொண்டு தைப்பிங்கில் இருக்கும் லாருட், மாத்தாங், செலாமா மாவட்ட நில அலுவலகத்துக்குப் போய், 'சாரியான்' செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். சிறு கட்டணந்தான். முக்கிம் கிராண்டாக இல்லாமல் மாநிலப் பதிவிலுள்ள கிராண்டானால், பதிவேடு ஈப்போவில் உள்ள நில, கனிவள இயக்குநர் அலுவலகத்தைச் சேர்ந்தது. நகல் தர மறுக்கிற விற்பனையாளரை விட்டு வந்துவிடலாம். மறுப்பதே போதுமான பதில்.

கிடைக்கும் தாளை நிதானமாகப் படியுங்கள். மலாய் தெரிந்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். பெயர் விற்பவருடையதுதானா? அவருடைய இறந்துபோன தகப்பனாருடையதா? 'காடாயான்' என்று இருந்தால் அது வங்கியில் அடமானத்தில் இருக்கிறது. அதில் குற்றமில்லை, வாங்கும் பணத்திலேயே மீட்டுக்கொள்ளலாம். 'கவியட்' என்று இருந்தால் வேறு யாரோ அந்த நிலத்தில் தமக்கு உரிமை உண்டென்று தடை போட்டிருக்கிறார். அது நீங்கும்வரை ஒரு காசும் கொடுக்க வேண்டாம். 'ரிசாப் மெலாயு' என்று குறித்திருந்தால் மலாய்க்காரர் அல்லாதார் பெயருக்குச் சட்டப்படி மாற்றவே முடியாது. நல்ல மனிதர், நெடுநாள் பழக்கம் என்று ஒப்பந்தம் எழுதினாலும் அது செல்லாது. 'செகாத்தான்' என்ற பகுதியில் மாநில அரசின் அனுமதி வேண்டும் என்றிருந்தால், அனுமதி வரும்வரை பெயர் மாறாது. சில வேளை மாதக்கணக்கில் ஆகும்.

குத்தகை நிலமா நிரந்தர நிலமா என்பதும் அதே தாளில் இருக்கும். பொக்கோ அசாம், அவுலோங் போன்ற புதுக்கிராமப் பக்கங்களில் விலை குறைவாக ஒரு வீடு வந்தால், குத்தகையில் இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம் என்று பாருங்கள். மிச்சம் குறையக் குறைய வங்கி கடன் தரத் தயங்கும். பிற்பாடு நீங்கள் விற்கப் போகும்போதும் வாங்குகிறவர் இதையே கேட்பார்.

கொல்லை லோட்டு ஆசை

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நம் குடும்பங்களின் சேமநிதிப் பணம் அதிகமாகக் கரைவது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம்.

ஒருவர் பால்மரம் வெட்டிய ஒரு ஏக்கர் நிலத்தை வாங்குகிறார். குறுக்கும் நெடுக்கும் கயிறு பிடித்துப் பத்து லோட்டாகப் பிரிக்கிறார். செம்மண் பாதை ஒன்று போடுகிறார். "லோட்டு இருபதாயிரம் வெள்ளிதான், பாதி இப்போது, மீதி மாதாமாதம், வக்கீல் செலவு இல்லை" என்கிறார். கோயில் பக்கம், பள்ளிக்கூடம் பக்கம் வேறு. நம்மவர் மனம் இளகிவிடுகிறது. கையில் கிடைப்பது ஒரு ரசீதும், முத்திரை ஒட்டிய ஒரு கடிதமும்.

விவசாயம் என்று வகைப்படுத்தப்பட்ட நிலத்தை ஐந்தில் இரண்டு ஹெக்டருக்கும், அதாவது ஏறத்தாழ ஒரு ஏக்கருக்கும், குறைவான துண்டாகப் பிரிக்கத் தேசிய நிலச் சட்டம் பொதுவாக இடம் கொடுப்பதில்லை. ஆகவே பத்து லோட்டுக்குப் பத்துத் தனிக் கிராண்ட் வராது. நல்லெண்ணம் உள்ளவர் விற்றாலும், ஒரே கிராண்டில் பத்துப் பேரைப் பங்காளிகளாகச் சேர்க்கத்தான் முடியும். எந்த மூலை யாருடையது என்று அந்தக் காகிதம் சொல்லாது. பத்துப் பேரில் ஒருவர் கடனில் விழுந்தாலும், ஒருவர் இறந்து வாரிசுகள் சண்டையிட்டாலும், மற்ற ஒன்பது பேருக்கும் தலைவலி. விவசாய நிலத்தில் குடியிருப்பு வீடுகள் கட்ட நகராண்மைக் கழகம் வரைபடம் அங்கீகரிப்பதும் இல்லை. அங்கீகாரம் இல்லாத வீட்டுக்கு வங்கிக் கடனும் கிடையாது. நாளைக்கு இடிக்கச் சொன்னால் இடிக்க வேண்டியதுதான்.

அதற்கும் ஒருபடி கீழே இருப்பது டி.ஓ.எல். நிலம். தற்காலிகமாகக் குடியிருக்க அரசாங்கம் கொடுக்கும் அனுமதி அது. ஆண்டு முடிய டிசம்பர் 31ஆம் நாளோடு காலாவதியாகும். விற்கவும் முடியாது, பிள்ளைக்கு எழுதி வைக்கவும் முடியாது. "முப்பது வருஷமாக இருக்கிறோம், யார் கேட்டார்கள்" என்று அதை விற்பவர் சொல்வார். முப்பது ஆண்டும் அவருக்குப் போயிற்று. வாங்கும் உங்களுக்கு வரும் ஜனவரிதான் கணக்கு.

மழையில் போய்ப் பாருங்கள்

காகிதம் சரி என்றான பிறகு வீட்டைப் பார்க்கலாம். தைப்பிங்கின் மழை நாடறிந்தது. மழை எத்தனை மணிக்கு வரும் என்று பந்தயம் கட்டிய ஊர் இது. ஆகவே வெயிலில் ஒரு தடவையும் மழையில் ஒரு தடவையும் போய்ப் பாருங்கள். கூரை ஒழுக்கும், கால்வாய் நிரம்பி வாசலுக்கு வருவதும் வெயிலில் தெரியாது. புதிதாகச் சாயம் அடித்த சுவரில் ஒரு பக்கம் மட்டும் பளபளப்பாக இருந்தால் தொட்டுப் பாருங்கள். இன்னொன்று, இது ஈயம் தோண்டிய ஊர். நாம் பிள்ளைகளைக் கூட்டிப் போகும் பூங்கா ஏரியே பழைய ஈயக் குட்டைதான். அக்காலக் குட்டைகளைத் தூர்த்து வீடு கட்டிய இடங்களும் இருக்கலாம். தரை இறங்கியிருக்கிறதா, கதவுகள் சட்டத்தில் சரியாகப் பொருந்துகின்றனவா, பின்கட்டுச் சுவர் பிளந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தில் கேட்டால் உண்மையைச் சொல்வார்கள்.

கணக்கு

2 லட்சம் வெள்ளி வீடு என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது 10 விழுக்காடு, அதாவது 20,000 வெள்ளி கட்ட வேண்டும். மீதி 1,80,000ஐ 4 விழுக்காடு வட்டியில் 30 ஆண்டுக்குக் கடன் வாங்கினால் மாதம் ஏறக்குறைய 860 வெள்ளி. முப்பது ஆண்டில் மொத்தம் 3,09,000 வெள்ளிக்கு மேல் கட்டியிருப்பீர்கள். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. அதில் பாதி வீட்டுக்கே போய்விட்டால் அடுப்பு எப்படி எரியும்? ஆகவே வேலைக்குப் போகும் மகனையோ மகளையோ சேர்த்துக் கூட்டுக் கடனாக வாங்குவது நடைமுறைக்கு ஏற்றது. அப்படிச் சேர்த்தால் கிராண்டில் யார் யார் பெயர், எவ்வளவு பங்கு என்பதை மருமகள் வருவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

இதற்கு மேலும் செலவு உண்டு. பெயர் மாற்ற முத்திரை வரி முதல் லட்சத்துக்கு 1 விழுக்காடு, அடுத்த 4 லட்சம் வரை 2 விழுக்காடு. நம் கணக்கில் 3,000 வெள்ளி. கடன் பத்திரத்துக்கு அரை விழுக்காடு, 900 வெள்ளி. வழக்கறிஞர் கட்டணம் ஒப்பந்தத்துக்கு 2,500, கடன் பத்திரத்துக்கு 2,250, அதற்குச் சேவை வரி தனி. முதல் வீடு வாங்கும் குடிமக்களுக்கு 5 லட்சம் வெள்ளி வரையுள்ள வீட்டுக்கு முத்திரை வரியில் அரசாங்கம் விலக்கு அளித்து வந்திருக்கிறது. அதற்குக் காலவரம்பு உண்டாகையால், கையெழுத்திடும் நாளில் நடப்பில் உள்ளதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வங்கி, விற்பவர் சொல்லும் விலையை அப்படியே ஏற்பதில்லை. தன் மதிப்பீட்டாளரை அனுப்பும். அவர் 1,70,000 என்று சொன்னால் கடன் அதற்குத்தான். விழும் பள்ளத்தை நீங்கள் கைக்காசால் நிரப்ப வேண்டும்.

ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதம் முதல் மூன்று கணக்குகள். அவற்றில் 'செஜாத்திரா' கணக்கிலிருந்து வீட்டுக்குப் பணம் எடுக்கலாம். ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகே விண்ணப்பிக்க முடியும். முதல் 10 விழுக்காடு உங்கள் கையில் இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். வங்கிகள் வழக்கமாக 70 வயதுக்குள் கடன் முடியும்படி பார்த்துக்கொள்ளும். நாற்பதில் வாங்கினால் தவணை நீளும், ஐம்பத்தைந்தில் வாங்கினால் கழுத்தை இறுக்கும். சம்பளச் சீட்டு ஒழுங்காக இல்லாத நாட்கூலிக்காரர்களுக்கு எஸ்.ஜே.கே.பி. என்ற அரசாங்க உத்தரவாதத் திட்டம் உண்டு, வங்கியில் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருக்கும் பெரியவர்கள் சட்டத்தின் கண்ணில் குடிமக்கள் அல்லர். நிலம் வாங்க மாநில அரசின் அனுமதி வேண்டும்.

தரகரைப் பற்றி ஒரு வார்த்தை. பதிவு பெற்ற முகவருக்கு வாரியம் கொடுத்த எண் இருக்கும், கழுத்தில் அட்டை தொங்கும். அவருடைய கூலியை விற்பவர் கொடுப்பதுதான் வழக்கம், அதிகபட்சம் 3 விழுக்காடு. "புக்கிங்" பணத்தை அவருடைய சொந்தக் கணக்கில் போடச் சொன்னால் போடாதீர்கள். விற்பவரின் வக்கீலே உங்களுக்கும் போதும் என்றால், வேண்டாம், உங்களுக்கென்று ஒருவரை வையுங்கள். ஒப்பந்தம் முடிந்ததும் உங்கள் பெயரில் கவியட் போடச் சொல்லுங்கள். அது ஆறு ஆண்டு நிற்கும். புதிய தாமானில் வாங்குபவர்கள், கட்டுநருக்கு வீட்டுவசதி அமைச்சின் லைசென்ஸ் உண்டா என்று முதலில் விசாரிக்க வேண்டும். சாவி வாங்கி 24 மாதம்வரை வரும் கட்டுமானக் குறைகளைக் கட்டுநரே திருத்தித் தர வேண்டும். திருத்தாவிட்டால் வீடு வாங்குவோர் தீர்ப்பாயத்தில் வக்கீல் இல்லாமலே 50,000 வெள்ளி வரை கோரலாம். ஏல வீடு மலிவுதான். ஆனால் கடன் கிடைக்காமல் போனால் கட்டிய 10 விழுக்காடும் போய்விடும், உள்ளே குடியிருப்பவரை வெளியேற்றுவதும் உங்கள் பாடு.

விற்பவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாங்கி மூன்று ஆண்டுக்குள் விற்றால் ஆதாயத்தில் 30 விழுக்காடு வரி, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15. ஆறாம் ஆண்டு முதல் குடிமக்களுக்கு இல்லை. அவசரப் பணத்துக்காக வட்டிக்காரரிடம் கிராண்டைக் கொடுத்து, எழுதப்படாத 14ஏ பாரத்தில் கையெழுத்தும் போட்டுவிடுகிறார்களே, அதைத்தான் கெஞ்சிக் கேட்டுத் தடுக்க விரும்புகிறேன். அந்தப் பாரம்தான் பெயர் மாற்றும் பாரம். நீங்கள் கடன் வாங்கவில்லை, வீட்டைக் கொடுத்துவிட்டீர்கள்.

கடைசியாகப் பெயர். சேமநிதிக்கு வாரிசு நியமிப்பதுபோல் வீட்டுக்கு நியமிக்க முடியாது. உயில் எழுதாமல் கணவர் இறந்தால், 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு இரண்டு பங்கு. இறந்தவரின் தாய் தந்தை உயிரோடிருந்தால் அவர்களுக்கும் கால் பங்கு போய், மனைவிக்குக் கால் பங்குதான் மிஞ்சும். முழு வீடும் தமக்குத்தான் என்று எண்ணியிருக்கும் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். சிறிய சொத்துகளுக்கு வாரிசுப் பங்கீட்டை நில அலுவலகத்திலேயே விண்ணப்பித்துச் செய்துகொள்ளலாம். அங்கே போகும்போதுதான் கிராண்டில் ஒரு எழுத்து, கார்டில் ஒரு எழுத்து, திருமணப் பத்திரத்தில் வேறொரு எழுத்து என்பது வெளிவரும். பள்ளிப் பதிவேட்டில் ஒரே தகப்பனாரின் பெயரை மூன்று பிள்ளைகளுக்கு மூன்று விதமாக எழுதிக் கொண்டுவருவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அன்றே அடையாளக் கார்டைப் பக்கத்தில் வைத்து, பெயரையும் எண்ணையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, பிழை இருந்தால் மேசையை விட்டு எழுமுன் திருத்தச் சொல்லுங்கள்.