பிராக்கெட் பொருத்தல் துல்லியம்

பிராக்கெட் பொருத்தல் துல்லியம் என்பது, பல்சீரமைப்புச் சிகிச்சையில் பற்களின் மேல் ஒட்டப்படும் பிராக்கெட் எனும் சிறு பிடிகள் உரிய இடத்தில் எவ்வளவு சரியாக அமைகின்றன என்பதைக் குறிக்கும். பிராக்கெட்டின் நடுவிலுள்ள காடியில் வில்வடிவக் கம்பி பொருத்தப்படுகிறது. வளைந்த கம்பி தன் இயல்பு வடிவத்திற்குத் திரும்ப முயலும்போது உண்டாகும் விசை பல்லை நகர்த்துகிறது. காடியின் அகலம் பொதுவாக 0.018 அல்லது 0.022 அங்குலம் (சுமார் 0.46 அல்லது 0.56 மி.மீ.) ஆகும்.

வரலாறு

அமெரிக்கப் பல்மருத்துவர் எட்வர்டு ஆங்கிள் 1920களில் செவ்வகக் காடி கொண்ட பிராக்கெட்டை அறிமுகப்படுத்தினார். அம்முறையில் ஒவ்வொரு பல்லுக்கும் ஏற்ப மருத்துவர் கம்பியை வளைக்க வேண்டியிருந்தது. பின்னர் லாரன்சு ஆண்ட்ரூசு, சீரமைப்புச் சிகிச்சை பெறாமலே நல்ல பல்வரிசை அமைந்த 120 பேரின் பல் அச்சுகளை ஆராய்ந்து, சிறந்த பல்வரிசைக்குரிய ஆறு இயல்புகளை 1972இல் வெளியிட்டார். இவற்றின் அடிப்படையில் சாய்வு, முறுக்கு, தடிப்பு ஆகியவற்றைப் பிராக்கெட்டிலேயே அமைத்தார். இது நேர்கம்பி முறை எனப்படுகிறது. இதனால் கம்பியை வளைக்கும் வேலை குறைந்தது. ஆனால் பிராக்கெட்டை ஒட்டும் இடம் முன்னிலும் முதன்மை பெற்றது. இடம் தவறினால், கம்பி அத்தவற்றையே பல்லின் நிலையாக மாற்றிவிடும்.

பிழைகளும் விளைவுகளும்

* உயரப் பிழை: பல் அண்டைப் பற்களை விட உயர்ந்தோ தாழ்ந்தோ நிற்கும். பல்லின் முன்பரப்பு வளைவானது என்பதால் முறுக்கும் மாறும்.
* பக்கவாட்டுப் பிழை: பல் தன் அச்சில் திரும்பும்.
* சாய்வுப் பிழை: வேர்கள் இணையாக அமையாமல் ஒன்றையொன்று நெருங்கலாம். இது வெளியே எளிதில் தெரிவதில்லை.
* பசைப் பிழை: பசை சீரற்ற தடிப்பில் இருந்தால் பல் முன்தள்ளியோ திரும்பியோ அமையும்.

துல்லியத்தைக் கூட்டும் வழிகள்

ஆண்ட்ரூசு முறையில், ஈறுக்கு வெளியே தெரியும் பல்பகுதியின் நீள அச்சின் நடுப்புள்ளி அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. வேறு சில முறைகளில் பல்லின் விளிம்பிலிருந்து உயரம் அளக்கப்படுகிறது. மறைமுக ஒட்டுமுறையில், பிராக்கெட்டுகள் முதலில் பல்வரிசையின் மாதிரியில் அமைக்கப்பட்டு, பின்னர் ஒரு தட்டின் வழியாக வாய்க்கு மாற்றப்படுகின்றன. இன்று இதற்குக் கணினி மாதிரிகளும் பயன்படுகின்றன.

எனினும் பல்லின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதாலும், காடிக்கும் கம்பிக்கும் இடையே சிறு இடைவெளி இருப்பதாலும், துல்லியமாக ஒட்டினாலும் விளைவு முழுமையாக அமையும் எனக் கூறவியலாது. ஆகவே சிகிச்சையின் இடையில் ஊடுகதிர்ப் படத்தில் வேர்களின் நிலை பார்க்கப்பட்டு, தேவையானால் பிராக்கெட் கழற்றி மீண்டும் ஒட்டப்படுகிறது அல்லது கம்பி வளைக்கப்படுகிறது. பிழை தாமதமாகக் கண்டறியப்பட்டால் சிகிச்சைக் காலம் நீளும்.